காற்றில் என்ன இருக்கிறது, பூமி ஏன் இவ்வளவு சூடு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பருவநிலை பற்றிப் பேசப் பள்ளிகளுக்கும் விவசாயிகள் கூட்டங்களுக்கும் போகும்போது அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வரும், போகப்போகச் சிக்கலானவை. ஓரிடத்தில் விளக்கியதை மறுபடி விளக்கவில்லை என்பதால் மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது.

காத்துல அதிகமா இருக்கிறது ஆக்ஸிஜன்தானே சார்?

இல்லை, நைட்ரஜன். ஈரம் நீக்கிய காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், ஏறக்குறைய 21 சதவீதம் ஆக்ஸிஜன், 0.93 சதவீதம் ஆர்கான். இந்த மூன்றுமே 99.9 சதவீதத்தைத் தாண்டிவிடும். கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, ஓசோன் எல்லாம் மிச்சமிருக்கும் துளியூண்டில் அடங்கியவை. நீராவியை இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. பாலைவனக் காற்றில் அது கிட்டத்தட்ட இருக்காது, வெப்பமான கடலோரத்தில் 4 சதவீதம் வரை போகும்.

இந்த விகிதம் என்றைக்கும் இப்படியே இருந்ததும் இல்லை. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை காற்றில் ஆக்ஸிஜன் இல்லை என்றே சொல்லலாம். ஒளிச்சேர்க்கை செய்யக் கற்ற நுண்ணுயிர்கள்தான் அதை நிரப்பின. உயிர்கள் காற்றின் கலவையை மாற்றுவது புதிய சங்கதி இல்லை. இப்போது நடக்கும் வேகம்தான் புதிது.

99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும்னா, சூட்டுக்கும் அதுங்கதானே காரணமா இருக்கணும்?

நியாயமான கேள்வி. சூரிய ஒளியில் பெரும்பகுதி காற்றைக் கடந்து தரைக்கும் கடலுக்கும் வந்து சேர்கிறது. சூடான தரை அந்த ஆற்றலை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்தை நோக்கித் திருப்பி விடுகிறது. இந்தக் கதிர்கள் தடையில்லாமல் வெளியேறுகின்றனவா, வழியில் மறிக்கப்படுகின்றனவா என்பதில்தான் பூமியின் சூடு இருக்கிறது.

நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள், ஆக்ஸிஜன் மூலக்கூறில் இரண்டு ஆக்ஸிஜன் அணுக்கள். ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள் அதிரும்போது மூலக்கூறின் மின்னூட்டச் சமநிலை குலைவதில்லை. அதனால் அகச்சிவப்புக் கதிரை அந்த மூலக்கூறால் பிடித்துக்கொள்ள முடியாது, கதிர் கடந்து போய்விடும். கரியமில வாயுவில் மூன்று அணுக்கள். அது வளைந்து அதிரும்போது சமநிலை குலைகிறது, 15 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய கதிர்களை விழுங்குகிறது. பூமி தன் வெப்பத்தை வெளியேற்றும் கதிர்வீச்சில் மிக முக்கியமான பகுதி அது. நீராவியும் மீத்தேனும் வேறு அலைநீளங்களில் இதையே செய்கின்றன.

இது கணினி வந்தபிறகு கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1856-ல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்தார். கரியமில வாயு நிரப்பிய குழாய் அதிகம் சூடானது, ஆறவும் வெகுநேரம் எடுத்தது. இந்த வாயு நிறைந்த காற்று பூமிக்கு இருந்தால் பூமி அதிகச் சூடாக இருந்திருக்கும் என்று அப்போதே எழுதினார். 1859 முதல் லண்டனில் ஜான் டிண்டல் அகச்சிவப்புக் கதிரையே நேரடியாக வைத்து அளந்து, நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் அதை மறிப்பதில்லை, நீராவியும் கரியமில வாயுவும் மறிக்கின்றன என்று காட்டினார். ஃபுட்டின் பெயர் பாடப்புத்தகங்களில் இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை.

காத்துல கரியமில வாயு 0.04 சதவீதம்தானே, அதெல்லாம் ஒரு அளவா? அதுபோய் உலகத்தையே சூடாக்குமா?

சதவீதத்தை விட்டுவிட்டு எடையைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே வானம்வரை நிற்கும் காற்றின் எடை சுமார் 10 டன். அதில் கரியமில வாயு மட்டும் ஆறரை கிலோ. அதைத் தனியே பிரித்துத் தரைமட்டக் காற்றழுத்தத்தில் பரப்பினால் மூன்று மீட்டருக்கு மேல் உயரம் வரும். உங்கள் வீட்டுத் தளத்தின் உயரத்துக்குச் சுத்தமான கரியமில வாயு, உலகம் முழுக்க. ஒரு அகச்சிவப்புக் கதிர் தப்பிப் போக வேண்டுமானால் அத்தனையையும் கடந்தாக வேண்டும். நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் எவ்வளவு இருந்தாலும் இந்தக் கணக்கில் வருவதில்லை, காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது.

ஓசோனை இதேபோலப் பரப்பினால் 3 மில்லிமீட்டர்தான் வரும். அந்த 3 மில்லிமீட்டர்தான் சூரியனின் ஆபத்தான புற ஊதாக் கதிர்களிடமிருந்து நம் தோலையும் கண்ணையும் காக்கிறது.

இந்த வாயுக்களே இல்லேன்னா நிம்மதியா இருக்கலாமே?

உறைந்து போவோம். பூமி உள்வாங்கும் சூரிய ஆற்றலை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் வருகிறது. உண்மையில் இருப்பது சுமார் 15 டிகிரி. இடையிலுள்ள 33 டிகிரி இந்த வாயுக்களும் மேகங்களும் தந்தது. அவை இருப்பதில் பிரச்சினை இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நம் விவசாயமும் ஊர்களும் பழகிய அளவிலிருந்து அவை மாறுவதுதான் பிரச்சினை. தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் சுமார் 280 கரியமில வாயு. 1958-ல் ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது 315. 2024-ன் சராசரி 424.

வெள்ளி கிரகம் சூரியனுக்குக் கிட்ட இருக்கு, அதான் சூடு. கரியமில வாயு சூடாக்கும்னு சொல்ல அதை ஏன் உதாரணம் காட்டுறீங்க?

வெள்ளியைவிடப் புதன் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. ஆனால் புதனின் பகல் உச்சம்கூட 430 டிகிரிதான், இரவில் மைனஸ் 180-க்கு இறங்கிவிடும். வெள்ளியில் இரவும் பகலும் 460 டிகிரிக்கு மேல். இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. வெள்ளியின் அடர்ந்த மேகங்கள் தன்மேல் விழும் ஒளியில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுவதால், ஒரு சதுர மீட்டருக்கு அது உள்வாங்கும் சூரிய ஆற்றல் பூமி வாங்குவதைவிடக் குறைவு. குறைவாக வாங்கியும் அந்தக் கொதி கொதிப்பதற்குக் காரணம், நம்முடையதைப்போல 90 மடங்கு அழுத்தமுள்ள, 96 சதவீதம் கரியமில வாயுவால் ஆன அதன் காற்று.

அப்ப செவ்வாய்லயும் 95 சதவீதம் கரியமில வாயுதானே? அது ஏன் குளிருது?

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளி மாணவி கேட்டது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. செவ்வாயின் காற்று மெலிந்தது, அழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்று பலரும் பதில் சொல்லி நிறுத்திவிடுவார்கள். ஆனால் அங்கே ஒரு சதுர மீட்டருக்கு மேலே இருக்கும் கரியமில வாயு 150 கிலோவுக்கு மேல். நம்முடையதோ ஆறரை கிலோ. பின்னே ஏன் மைனஸ் 60?

அழுத்தம் குறைவாக இருக்கும்போது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவது குறைவு. மோதல்கள்தான் ஒரு வாயு விழுங்கும் அலைநீளங்களை அகலப்படுத்துகின்றன. செவ்வாயில் அவை ஊசிபோல ஒடுங்கியிருப்பதால் இடைவெளி வழியே வெப்பம் நழுவிவிடுகிறது. கைகொடுக்க நீராவியும் அங்கே இல்லை. சூரியனும் தூரம். நம் காற்றில் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் அகச்சிவப்பை மறிப்பதில்லை என்றேன். ஆனால் கரியமில வாயுவோடு ஓயாமல் மோதி அதன் வேலையை அவை பலப்படுத்துகின்றன. அந்த வகையில் அவற்றுக்கும் இதில் பங்கு உண்டு.

நீராவிதான் ரொம்ப சூட்டைப் பிடிக்குதுன்னு படிச்சேன். அப்ப கரியமில வாயு மேல ஏன் பழி போடுறாங்க?

படித்தது சரி. வாயுக்களும் மேகங்களும் வெப்பத்தை மறித்துப் பூமியைச் சூடாக்குவதைப் பசுமை இல்ல விளைவு என்பார்கள். அதில் ஏறத்தாழ பாதி நீராவியுடையது, கால் பங்கு மேகங்களுடையது, கரியமில வாயுவின் நேரடிப் பங்கு ஐந்தில் ஒன்று. ஆனால் நீராவி தானாகக் கூடவோ குறையவோ முடியாது. காற்று எவ்வளவு சூடோ அவ்வளவுதான் அது தங்கும். மிஞ்சினால் மழையாக இறங்கிவிடும். ஒரு நீர் மூலக்கூறு காற்றில் இருப்பது சராசரியாக ஒன்பது பத்து நாள். கரியமில வாயு குளிர்ந்து மழையாகாது. அது போட்ட சூட்டில்தான் நீராவி எவ்வளவு என்பது தீர்மானமாகிறது.

காற்று 1 டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். கூடிய நீராவி மேலும் சூடாக்கும். கரியமில வாயு தொடங்கியதை நீராவி பெரிதாக்குகிறது. மழை பெய்தால் ஒரேயடியாகக் கொட்டித் தீர்ப்பது அதிகமாவதற்கும் இந்த 7 சதவீதம் ஒரு காரணம்.

மேகம் போட்டா பகல்ல வெயில் குறையுது, ராத்திரி புழுங்குது. மேகம் சூட்டைக் கூட்டுதா, குறைக்குதா?

இரண்டும். மார்கழியில் வானம் தெளிந்த இரவில்தான் பனி கொட்டும், மூட்டம் போட்ட இரவில் கொட்டாது. தரையின் வெப்பத்தை மேகம் மறித்துத் திருப்பி அனுப்புவதுதான் காரணம். பகலில் அதே மேகம் வெயிலைத் திருப்பிவிடுகிறது. உலகம் முழுவதையும் சேர்த்துச் செயற்கைக்கோளால் அளந்தால் குளிர்விப்பதுதான் மிஞ்சுகிறது. சூடு கூடக்கூட மேகங்கள் எப்படி மாறும் என்பதுதான் இன்னும் துல்லியமாகப் பிடிபடாத பகுதி. கரியமில வாயு இரட்டிப்பானால் எவ்வளவு சூடாகும் என்பதற்கு 3 டிகிரி என்று ஒற்றை எண் சொல்லாமல் 2.5 முதல் 4 வரை என்று சொல்வதற்கு முக்கியக் காரணமும் அதுவே.

ஓசோன்ல ஓட்டை விழுந்து அது வழியா வெயில் உள்ள வர்றதாலதானே இந்தச் சூடு?

இல்லை. இரண்டும் வேறு வேறு. 1985-ல் அண்டார்டிகா மேலே கண்டுபிடிக்கப்பட்ட ஓசோன் தேய்வு புற ஊதாக் கதிரை அதிகம் உள்ளே விடும். தோல் புற்றுநோய்க்கும் பயிருக்கும் அது ஆபத்து, பூமியின் சூட்டுக்கு அது காரணமில்லை.

ஆனால் ஒரு தொடர்பு உண்டு. ஓசோனைத் தின்ற அதே குளோரோஃப்ளோரோகார்பன்கள், அதாவது பழைய ஃபிரிட்ஜ்களில் இருந்த வாயுக்கள், வலுவான பசுமை இல்ல வாயுக்களும்கூட. இதை 1975-ல் காட்டியவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன். அவற்றின் ஒரு மூலக்கூறு பத்தாயிரம் கரியமில வாயு மூலக்கூறுகளுக்குச் சமமாகச் சூட்டைப் பிடிக்கிறது என்று அவர் கணக்கிட்டார். அதுவரை கரியமில வாயு மட்டுமே பேச்சு. 1987-ன் மான்ட்ரியல் ஒப்பந்தம் ஓசோனைக் காக்கப் போடப்பட்டது, பூமியின் சூட்டையும் கணிசமாகத் தடுத்தது. உலகம் சேர்ந்து ஒன்றைச் சாதித்ததற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

நெல் வயல்ல மீத்தேன் வருதுன்னு சொல்லி எங்களையா குத்தம் சொல்றீங்க?

இல்லை. மனிதச் செயல்களால் வரும் மீத்தேனில் நெல் வயல்களின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்று. நிலக்கரி, எண்ணெய், எரிவாயுத் தொழில்களும் கால்நடைகளும் குப்பைமேடுகளும் தருவது அதைவிட மிக அதிகம். ஆனால் வயலில் ஏன் வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் கட்டிய சேற்றுக்குள் ஆக்ஸிஜன் போகாது. அந்த நிலையில் வாழும் நுண்ணுயிர்கள் மக்கும் பொருளை மீத்தேனாக்குகின்றன, நெற்பயிரின் தண்டே குழாயாகி அதை மேலே விடுகிறது.

நம் ஊரில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடுவது என்று சொல்வார்களே, அதுவே மருந்து. திருந்திய நெல் சாகுபடியில் சொல்வதுபோல நீர் வற்றி மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிந்தபின் மறுபடி பாய்ச்சினால், இடையில் மண் மூச்சுவிட்டு மீத்தேன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குறையும். தண்ணீரும் மிச்சம். யூரியாவை மட்டும் அளவோடு போட வேண்டும். காய்ந்து நனையும் மண்ணில் உபரித் தழைச்சத்து நைட்ரஸ் ஆக்சைடாக மாறும், அதுவும் சூட்டைப் பிடிக்கும் வாயு, நூறு ஆண்டுக்கு மேல் காற்றில் தங்கும்.

மீத்தேனின் ஆயுளோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுதான். இருக்கும்வரை கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு சூட்டைப் பிடிக்கும். அதனால் மீத்தேனைக் குறைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும்.

ஒரு எரிமலை வெடிச்சா மனுஷன் நூறு வருஷத்துல விட்டதைவிட அதிகமா வாயு வருமாமே?

வராது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸில் வெடித்த பினாடுபோ, கடந்த நூற்றாண்டின் மிகப்பெரிய வெடிப்புகளில் ஒன்று. அது விட்ட கரியமில வாயு சுமார் 5 கோடி டன். இன்றைய மனிதர்கள் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து அரை நாளில் விடுவது அவ்வளவு.

அந்த எரிமலை உலகைச் சூடாக்கவில்லை, குளிர்வித்தது. அதிலிருந்து மேலேறிய ஒன்றரைக் கோடி டன்னுக்கும் மேலான கந்தக டை ஆக்சைடு, ஸ்ட்ராடோஸ்பியர் எனப்படும் மேலடுக்கில் நுண்துளிகளாகிச் சூரிய ஒளியைத் திருப்பியது. உலகச் சராசரி சுமார் அரை டிகிரி இறங்கியது. இரண்டு மூன்று ஆண்டில் துளிகள் கீழே வந்துவிட, சூடு பழையபடி ஏறியது.

அப்ப புகையும் தூசியும் நல்லதுதானே? வெயிலை மறைக்குதே?

மறைக்கிறது என்பது உண்மை. மனிதர்கள் விட்ட கந்தகப் புகை, வாயுக்களால் வரவேண்டிய சூட்டில் ஒரு பகுதியை மூடி மறைத்திருக்கிறது. ஆனால் விலை பெரிது. 1999-ல் இந்தியப் பெருங்கடல் மேலே நடந்த பெரிய ஆய்வில், தெற்காசியாவிலிருந்து கடல்மேல் பரவிய சுமார் 3 கிலோமீட்டர் தடிமனான பழுப்பு மூட்டம் அளக்கப்பட்டது. ராமநாதன்தான் அதன் தலைவர்களில் ஒருவர். அந்த மூட்டத்திலிருந்த கரித்துகள் ஒளியைத் திருப்பாமல் விழுங்கிக் காற்றைச் சூடாக்கியது, கீழே கடலுக்குப் போகும் வெயிலைக் குறைத்தது. கடலிலிருந்து ஆவியாவது குறைந்தால் பருவமழைக்குத் தீனி குறையும். அதே துகள்தான் நம் நுரையீரலிலும் போய்த் தங்குகிறது. குழந்தைகள் மூச்சுத் திணறிக் கிடைக்கும் நிழல் நமக்கு வேண்டாம்.

இயற்கை விடுறதுல மனுஷன் விடுறது ஒரு துளிதான். காத்துல கூடியிருக்கிறது நம்ம வாயுன்னு எப்படி அடிச்சுச் சொல்றீங்க?

காடும் மண்ணும் கடலும் ஆண்டுதோறும் விடும் கரியமில வாயு நாம் விடுவதைப் போலப் பல மடங்கு. ஆனால் அவை விட்டதைவிடக் கொஞ்சம் கூடவே திரும்ப எடுத்துக்கொள்கின்றன. வரவும் செலவும் சரியாகப் போன வீட்டில் மாதாமாதம் புதுக்கடன் ஏறினால், கடன் சிறிதென்பதால் அது கரைந்துவிடுவதில்லை. நாம் விடுவதில் பாதியைக் கடலும் காடும் வாங்கிக்கொள்கின்றன, மீதிப் பாதி காற்றில் சேர்கிறது.

ஆதாரம் கார்பனுக்குள்ளேயே இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டு புதைந்திருந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் கதிரியக்கக் கார்பன்-14 மிச்சமில்லை. அவை செடிகொடிகளிலிருந்து வந்தவை என்பதால் கார்பன்-13 என்ற சற்றுக் கனமான வகையும் குறைவு. காற்றில் இரண்டின் விகிதமும் குறைந்து வருகிறது. எரிப்பதற்கு ஆக்ஸிஜன் செலவாக வேண்டும், அதுவும் குறைவதைக் கீலிங்கின் மகன் ரால்ஃப் அளந்து காட்டினார். எரிமலை வாயுவாக இருந்தால் ஆக்ஸிஜன் குறையத் தேவையில்லை.

ஐயோ, அப்ப ஆக்ஸிஜன் தீர்ந்துடுமா?

தீராது. காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் இரண்டு லட்சத்துக்கு மேல் ஆக்ஸிஜன், அதில் ஆண்டுக்கு நான்கைந்து குறைகிறது. மூச்சு விடுவதற்கு இதனால் ஒன்றும் ஆகாது.

சூரியனே சூடு கூடியிருந்தா? நாம என்ன பண்ண முடியும்?

சூரியனை யாரும் பார்க்காமல் விடவில்லை. கொடைக்கானல் ஆய்வகம் நூறு ஆண்டுக்கு மேலாக அதைப் படமெடுத்து வருகிறது. 1978 முதல் செயற்கைக்கோள்கள் அதன் ஆற்றலை நேரடியாக அளக்கின்றன. 11 ஆண்டுச் சுழற்சியில் 0.1 சதவீதம் ஏறி இறங்குகிறதே தவிர, தொடர்ந்து கூடவில்லை.

இதைவிட உறுதியான சான்று மேலடுக்கில் இருக்கிறது. சூரியன் காரணமானால் காற்று அடிமுதல் உச்சிவரை சூடாக வேண்டும். கரியமில வாயு காரணமானால் கீழே சூடாகி, ஸ்ட்ராடோஸ்பியர் குளிர வேண்டும். அங்கே கூடும் கரியமில வாயு வெப்பத்தை விண்வெளிக்கு வேகமாக விட்டுவிடும். சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967-லேயே இதைக் கணித்தார்கள். அளந்தபோது அப்படியே இருந்தது. மனாபேக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பழைய பனிக்கட்டியைத் தோண்டிப் பார்த்ததுல, முதல்ல சூடாகி அப்புறம்தான் கரியமில வாயு கூடியிருக்காமே?

அண்டார்டிகாவின் எட்டு லட்சம் ஆண்டுப் பனியில் சிக்கிய காற்றுக் குமிழ்களில் இந்த வாயு பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு 180-க்கும் 300-க்கும் இடையிலேயே ஊசலாடியிருக்கிறது. ஒவ்வொரு பனியுகமும் முடியத் தொடக்கம் போட்டது பூமியின் பாதையிலும் சாய்விலும் வரும் மெதுவான மாற்றம். கடல் சூடானதும் கரைந்திருந்த வாயு வெளியேறியது, வெளியேறிய வாயு உலகம் முழுவதையும் சூடாக்கியது. நீராவி பற்றிய பதிலில் சொன்ன அதே பெருக்கம்தான், இங்கே கரியமில வாயுவே பெருக்கும் வேலையைச் செய்தது. பாதை மாறியது மட்டுமே காரணமென்றால் அவ்வளவு பெரிய சூடு வந்திருக்காது. இன்று வாயுவை முதலில் கூட்டியது நாம். இயற்பியல் இரண்டுக்கும் ஒன்றே.

இருக்கிற கரியமில வாயுவே அந்தக் கதிரை முழுசா விழுங்கிடுது. இன்னும் கூட்டினா என்ன ஆகப்போகுது?

இந்தத் தொகுப்பிலேயே கடினமான கேள்வி. 1900-ல் விஞ்ஞானிகளே இப்படி வாதிட்டு, கரியமில வாயு கூடினால் பூமி சூடாகும் என்ற கொள்கையைப் பல ஆண்டு ஓரங்கட்டினார்கள். 15 மைக்ரோமீட்டர் கதிர் தரையிலிருந்து கிளம்பிச் சிறிது தூரத்திலேயே விழுங்கப்படுவது உண்மைதான். ஆனால் விழுங்கிய காற்று சும்மா இருப்பதில்லை, தானும் கதிரை வெளிவிடும். அதை மேலே உள்ள காற்று விழுங்கி மறுபடி விடும். இப்படி அடுக்கடுக்காக ஏறி, மேலே வாயு மெலியும் ஒரு உயரத்திலிருந்துதான் வெப்பம் விண்வெளிக்குத் தப்புகிறது. சராசரியாக அந்த உயரம் சுமார் 5 கிலோமீட்டர்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறியவர்களுக்கு உயரப் போனால் குளிரும் என்று தெரியும். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி. ஐந்து கிலோமீட்டருக்கு 33 டிகிரி. மைனஸ் 18-க்கும் 15-க்கும் இடையிலிருந்த அதே 33. கரியமில வாயு கூடினால் தப்பிக்கும் உயரம் மேலே போகும். அங்கே இன்னும் குளிர், குளிர்ந்த காற்று குறைவாகவே வெப்பத்தை வெளிவிடும். வருவது அதே அளவு, போவது குறைவு. சமநிலை வரும்வரை கீழே எல்லாம் சூடாகும். கரியமில வாயு இரட்டிப்பானால் அந்த உயரம் சுமார் 150 மீட்டர் ஏறும், அதற்கு மட்டும் 1 டிகிரி. நீராவியும் மற்றவையும் அதை 3 டிகிரிக்குக் கொண்டுபோகின்றன.

இன்னைக்கே எல்லாப் புகையையும் நிறுத்திட்டா நாளைக்குக் குளிருமா?

ஒவ்வொரு பொருளும் காற்றில் எவ்வளவு காலம் தங்குகிறது என்பதைப் பொறுத்தது. கந்தகத் துகள்கள் சில வாரங்களில் மழையோடு இறங்கிவிடும், அவை மறைத்திருந்த வெயில் வெளிப்பட்டு முதலில் சற்றுச் சூடு கூடும். அடுத்த பத்து இருபது ஆண்டில் மீத்தேன் குறைந்து அந்தச் சூட்டைப் பெருமளவு ஈடுகட்டும். கரியமில வாயுவைக் கடல் மெல்ல மெல்ல வாங்கும், ஆனால் ஒரு கணிசமான பங்கு ஆயிரம் ஆண்டு கழித்தும் காற்றிலேயே இருக்கும்.

ஆக, சூடு ஏறுவது ஏறக்குறைய நின்றுவிடும், இறங்காது. நிறுத்தும் நாளில் எவ்வளவு இருக்கிறதோ ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் பல தலைமுறைகள் வாழ வேண்டியிருக்கும். 2024-ல் உலகச் சராசரி தொழிற்புரட்சிக் காலத்துக்கு முந்தைய அளவைவிடச் சுமார் ஒன்றரை டிகிரி கூடுதலாக இருந்தது.